பல் நகர, எலும்பு நகர

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரும்பகுதியையும் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்த தேசங்களையும் ஆண்ட ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியைப் பற்றி வெனிஸ் நகரத்துத் தூதர்கள் எழுதி வைத்த விவரங்களில், அவருடைய படைபலத்தோடும் ராஜதந்திரத்தோடும் கூட அவருடைய தாடையும் இடம்பெற்றிருக்கிறது. கீழ்த்தாடை நீண்டு முன்னே தள்ளியிருந்தமையால் மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் சந்திப்பதில்லை என்றும், அவர் பேசும்போது சொற்களின் முடிவு தெளிவாகக் காதில் விழுவதில்லை என்றும் அவர்கள் குறித்திருக்கிறார்கள். டிஷியனைப் போன்ற மகா சித்திரக்காரர் தீட்டிய படங்களில் கூட, தாடி மறைத்தது போக மீதம் தெரியும் அந்தத் தாடையின் நீட்சியை யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. அவர் 1558ஆம் ஆண்டில் மறைந்தார். ஆனால் அந்தத் தாடை அவரோடு மறையவில்லை. சொத்தும் சாம்ராஜ்யமும் கைவிட்டுப் போகாதிருக்க வேண்டி நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே விவாகம் செய்துகொண்டு வந்த அந்த ஹாப்ஸ்பர்க் வம்சத்தில், 1700இல் காலமான ஸ்பெயின் தேசத்து இரண்டாம் சார்லஸ் வரையில் அது தலைமுறைக்குத் தலைமுறை தொடர்ந்தது. வம்சத்தாரின் உருவப்படங்களையும் வம்சாவளியையும் ஒப்புநோக்கிய ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள், ரத்த உறவு நெருங்க நெருங்கத் தாடையின் நீட்சியும் மிகுந்திருந்ததென்று 2019இல் வெளியிட்டார்கள்.

இந்தக் குறைபாடு அரச வம்சங்களுக்கு மட்டும் உரியதன்று. எடுப்புப் பல் என்றும் கோணவாய் என்றும் பள்ளிக்கூடத்திலேயே பட்டப்பெயர் சூட்டப்பெற்று, சிரிப்பு வரும்போதெல்லாம் கை தானாக வாயை மறைக்கும்படி பழகிப்போன பிள்ளைகள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். காரணங்களோ பல. பாட்டனாரிடமிருந்து பேரனுக்கு வருவது ஒன்று. உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தைக்குச் சிறுவயதில் செய்த தையலின் தழும்பு, மேல்தாடையை முழுமையாக வளரவிடாமல் பின்னிழுத்துப் பிடிப்பது ஒன்று. மோவாய் அடிபட விழுந்த குழந்தையின் காதோரத்து மூட்டு முறிந்து, அது முறிந்ததென்பது யாருக்கும் தெரியாமலே எலும்போடு எலும்பு ஒட்டிக்கொண்டு, வாய் திறவாமலும் தாடை வளராமலும் போவது இன்னொன்று. இவற்றையெல்லாம் உலகம் அழகுக் குறை என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறது. முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நடுவே இடைவெளி விட்டு நிற்கும் ஒருவருக்கு ஒரு தோசை விள்ளலைக் கூட முன்பல்லால் கடித்து அறுக்க முடியாது என்பதையும், கீழ்த்தாடை மிகச் சிறுத்தவருக்கு உறக்கத்தில் நாக்கு பின்னே சரிந்து சுவாசத்தையே தடுத்து நிறுத்துகிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்பவர், இதை ஆபரணத்தின் வரிசையில் வைக்கமாட்டார்.

இதற்குக் கிளிப் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். பற்களை ஒழுங்கு செய்யும் நிபுணர் பல்லின்மீது இலேசான அழுத்தத்தை விடாது செலுத்தி வரும்போது, அழுத்தம் படுகிற பக்கத்து எலும்பு கரைந்தும் எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு படிந்தும் பல் மெல்ல மெல்ல இடம் பெயர்கிறது. அந்த வித்தையின் எல்லை, பல்லைத் தாங்குகிற எலும்பின் எல்லையே. வளரும் பிள்ளைக்காவது தாடையின் வளர்ச்சியைச் சில கருவிகளால் ஓரளவு தூண்டவும் திருப்பவும் இயலும். வளர்ச்சி முடிந்த பிறகு, இடம் தவறி நிற்பது தாடையே ஆகும்போது, பல்லை எவ்வளவு சாய்த்தாலும் அந்தத் தவறு மறைக்கப்படுமேயன்றி நீங்காது. வித்தியாசம் சொற்பமாயின் மறைப்பதும் நல்ல வைத்தியந்தான். வித்தியாசம் பெரிதாயின் எலும்பை அறுத்து நகர்த்துவதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

அறுத்து நகர்த்தலாம் என்ற எண்ணம் 1849இலேயே அமெரிக்காவின் வீலிங் நகரத்தில் செயலாகிவிட்டது. குழந்தைப் பருவத்தில் தீப்பட்டு, கழுத்தின் தோல் சுருங்கி இழுத்து இழுத்துக் கீழ்த்தாடையின் முன்பகுதியே நீண்டுபோன ஓர் இளம்பெண்ணுக்கு, சைமன் ஹல்லிஹென் என்ற மருத்துவர் தாடையிலிருந்து எலும்புத் துண்டுகளை எடுத்து, முன்பகுதியைப் பின்னுக்குத் தள்ளி, பற்களுக்கு அளவெடுத்துச் செய்த வெள்ளித் தகட்டினால் அது நகராமல் நிறுத்திவைத்தார். பற்களின் பொருத்தத்தைக் கொண்டே எலும்பின் ஸ்தானத்தை நிர்ணயிக்கவேண்டும் என்ற தத்துவம் அந்த வெள்ளித் தகட்டிலேயே அடங்கியிருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்து, 1899இல், எட்வர்டு ஆங்கிள் கடைவாய்ப் பற்கள் சந்திக்கும் விதத்தை ஆதாரமாகக் கொண்டு பொருந்தாக் கடிவாயை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். இன்றும் தந்த வைத்தியக் கல்லூரிகளில் மாணவர்கள் படிப்பது அந்தப் பிரிவினையைத்தான். அவர் வாழ்ந்த செயின்ட் லூயிஸ் நகரத்திலேயே வில்ரே பிளேர் என்ற ரண சிகிச்சை நிபுணர் நீண்ட கீழ்த்தாடைகளைக் குறைக்கத் தலைப்பட்டார்; இவ்வித நோயாளிகளுக்குப் பல் ஒழுங்கு நிபுணரின் துணை முதலிலேயே கிடைத்தாகவேண்டும் என்று 1907இல் வற்புறுத்தி எழுதினார். அந்த யோசனை நல்ல பலன் தருவதற்கு வெகுகாலம் சென்றது. வெளிப்புறத்திலிருந்து தோலைக் கீறித் தாடையைக் குறுக்கே அறுத்தால் முகத்தில் தழும்பு விழும்; அறுபட்ட முனைகள் ஒன்றோடொன்று சொற்பமாகவே ஒட்டியிருக்கும்; மெல்லும் தசைகள் அவற்றைத் திசைக்கொன்றாக இழுத்து, சிகிச்சை முடிந்த சில மாதங்களில் முன்பற்களுக்கிடையே மறுபடியும் வாசல் திறந்துகொள்ளும்.

இந்தச் சங்கடத்துக்கு முடிவு பிறந்தது ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில். ரிச்சர்டு டிரவுனரிடம் பயின்ற ஹூகோ ஓப்வெகேசர் என்ற இளைஞர், 1953இல், தாடையைக் குறுக்கே துண்டிக்காமல், காதை நோக்கி மேலெழும் அதன் பின்பகுதியை நீளவாக்கில் இரண்டு ஏடாகப் பிளக்கத் துணிந்தார். அதையும் வாயின் உட்புறமாகவே செய்தார். உட்பக்கத்தில் நரம்பு எலும்புக்குள் நுழையும் துவாரத்துக்கு மேலே ஒரு வெட்டு, வெளிப்பக்கத்தில் ஒரு வெட்டு, இரண்டையும் இணைக்க எலும்பின் முன்விளிம்பை ஒட்டி ஒரு வெட்டு. பிறகு மெல்லிய உளிகளால் பக்குவமாக விரித்தால், மூட்டைத் தாங்கிய வெளி ஏடு ஒன்றாகவும் பற்களைத் தாங்கிய உள் ஏடு மற்றொன்றாகவும் தாடை பிரிகிறது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வைத்த இரண்டு உள்ளங்கைகளில் ஒன்றை முன்னும் பின்னும் தள்ளுவதுபோல, பல் வரிசை முழுவதையும் விரும்பிய அளவு முன்னே கொண்டுவரலாம், பின்னே அனுப்பலாம். எவ்வளவு நகர்த்தினாலும் எலும்பின்மீது எலும்பு அகலமாகப் படிந்திருப்பதால் நன்றாகக் கூடிவிடும். முகத்தில் ஒரு கீறல் கூட இல்லை. எலும்பின் இயல்பையும் தசையின் இழுப்பையும் நரம்பின் வழியையும் ஒருங்கே மதித்த இந்த ஒரு யுக்தியை, இருபதாம் நூற்றாண்டு ரண சிகிச்சையின் மேலான சிருஷ்டிகளுள் ஒன்றாகக் கருதுகிறேன். 1957இல் டிரவுனரும் அவரும் ஆங்கிலத்தில் இதை எழுதினார்கள். 1966இல் வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஓப்வெகேசர் நிகழ்த்திய விரிவுரைகளுக்குப் பிறகே அமெரிக்க நிபுணர்கள் கூட்டமாக இந்த வழிக்கு வந்தார்கள். ஜூரிச் நகரத்தில் பல்லாண்டு பணிபுரிந்து 2017இல் அவர் காலமானார்.

மேல்தாடையின் கதையில் ரத்தமே பிரதான பிரச்சினை. பிரான்சின் லீல் நகரத்தில் ரெனே லெ ஃபோர் என்பவர், உயிரற்ற தேகங்களின் முகங்களைப் பலவிதமாகத் தாக்கி, முக எலும்புகள் எந்தெந்தக் கோடுகளில் பிளக்கின்றன என்பதை 1901இல் வெளியிட்டிருந்தார். அவற்றுள் பல்வேர்களுக்கு மேலே குறுக்காக ஓடும் முதற்கோட்டையே தம் வெட்டுக்கு வழியாகக் கொண்டு, பெர்லினில் மார்ட்டின் வாஸ்முண்ட் 1927இல் மேல்தாடையை அறுத்தார். எனினும் அதை முழுவதும் விடுவித்துக் கீழே இறக்கினால் ரத்த ஓட்டம் அற்றுப் பற்களும் எலும்பும் மடிந்துவிடுமோ என்ற பயம் நெடுங்காலம் நிபுணர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. டெக்ஸாஸைச் சேர்ந்த வில்லியம் பெல், குரங்குகளிடம் செய்த பரீட்சைகளால் அந்தப் பயத்தைத் தீர்த்தார்: அண்ணத்தின் சதையும் ஈறும் ஒட்டியிருக்கும்வரையில் அவற்றின் வழியே வரும் ரத்தமே தாடையைப் போஷித்துக் காப்பாற்றிவிடுகிறது. அதன்பிறகு மேல்தாடையை ஏற்றவும் இறக்கவும் முன்னே கொணரவும், இரு தாடைகளையும் ஒரே அமர்வில் திருத்தவும் தயக்கம் நீங்கியது.

சிகிச்சையின் பெரும்பகுதி அறுவைக் கூடத்துக்கு வெளியே நடக்கிறது என்பதையும், அந்தப் பகுதியே நோயாளியின் மனத்தை அதிகம் சோதிப்பது என்பதையும் நம் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. தாடை விலகியிருந்தாலும் பல்லைப் பல் தேடும். கீழ்த்தாடை முந்தியிருக்கிறவருக்குக் கீழ்ப்பற்கள் உள்நோக்கிச் சாய்ந்தும் மேற்பற்கள் வெளிநோக்கி விரிந்தும், தங்களால் ஆனமட்டும் சந்திக்க முயன்றிருக்கும். அந்தச் சாய்வோடு தாடையை நகர்த்தினால், பற்கள் முன்னதாகவே மோதிக்கொண்டு, எலும்பு சேரவேண்டிய இடத்துக்குச் சேராது. ஆகவே பல் ஒழுங்கு நிபுணர் முதலில் அந்தச் சாய்வையெல்லாம் நிமிர்த்தி, ஒவ்வொரு பல்லையும் அதனதன் எலும்பின்மேல் நேராக நிறுத்துகிறார். இதற்குப் பெரும்பாலும் 12 முதல் 18 மாதம் ஆகும். அந்த மாதங்களில் கடிவாய் முன்னினும் அதிகமாக விலகுகிறது. முகம் முன்னினும் கோரமாகத் தோன்றுகிறது. மெல்லுவது முன்னினும் சிரமமாகிறது. பணம் கொடுத்து வைத்தியம் செய்துகொள்ளும் பிள்ளை நாளுக்கு நாள் விகாரப்படுவதைக் கண்ட பெற்றோர், வைத்தியர் கெடுத்துவிட்டார் என்று எண்ணிக் கிளிப்பைக் கழற்றிவிடத் துடிப்பதில் ஆச்சரியம் இல்லை. நோயாளி பொறுமை இழப்பதை நான் ஒருநாளும் குறையாகச் சொல்லமாட்டேன். அவன் மோசமாகப்போவது திட்டத்தின் ஒரு பாகம் என்பதை அவனுக்கும், அவன் வீட்டில் உள்ளவர்களுக்கும், கூடுமானால் அவன் கூடப் படிப்பவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்காதவர்களே பொறுப்பாளிகள். ஜப்பானில் சில நிபுணர்கள் ரண சிகிச்சையை முதலில் செய்துவிட்டுப் பற்களைப் பின்னர் ஒழுங்குபடுத்தும் முறையை வகுத்ததற்கு இந்தத் துன்பத்தைக் குறைக்கும் எண்ணமும் ஒரு காரணம். ஆயினும் அது எல்லோருக்கும் பொருந்தும் முறையன்று.

ரண சிகிச்சை நாளன்று மயக்க மருந்துக் குழாயை மூக்கின் வழியே செலுத்துகிறார்கள். பற்கள் கூடுகின்றனவா என்பதை வாயை மூடிப் பார்த்துக்கொண்டே வேலை செய்யவேண்டியிருப்பதால் வாய்வழியே குழாய் இருக்கக்கூடாது. முன்கூட்டியே திட்டமிட்ட கடிவாய்க்கு ஏற்பச் செய்த மெல்லிய அச்சு ஒன்று பற்களுக்கிடையே வைக்கப்பட்டு, தாடை எங்கே நிற்கவேண்டும் என்று வழிகாட்டுகிறது. ஒரு காலத்தில் இரு தாடைகளையும் கம்பியால் ஆறு வாரத்துக்கு மேல் கட்டிப்போட்டு வைப்பார்கள். 1974இல் பாஸல் நகரத்தில் ஸ்பீஸ்ல் என்ற நிபுணர் பிளவுபட்ட எலும்பைத் திருகாணிகளால் இறுக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகும், சிறிய டைட்டானியத் தகடுகள் வழக்கத்துக்கு வந்த பிறகும், அந்தச் சிறைவாசம் பெரும்பாலும் ஒழிந்தது. ஆனாலும் முதல் சில நாட்களில் முகம் வீங்கிக் கண்ணாடியில் அடையாளம் தெரியாது. கஞ்சியும் வடித்த ரசமும் மோருமாகச் சில காலமும், குழைந்த சாதமாக மேலும் சில வாரங்களும் கழியும். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு, பிளக்கும் வேலையில் இழுபட நேர்வதால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போவது சகஜம். பலருக்குச் சில மாதங்களில் உணர்ச்சி திரும்புகிறது, சிலருக்கு ஓரிடத்தில் நிரந்தரமாகவே மரத்துவிடுகிறது. உதட்டில் பருக்கை ஒட்டியிருப்பதும் தெரியாத அந்த நிலையைச் சம்மதக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்குவது போதாது. உட்கார்ந்து பேசிப் புரியவைக்கவேண்டிய விஷயம் அது.

நம் நாட்டில் நான் மிகவும் அஞ்சுவது அவசரத்தை. பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிட்டோம், தை பிறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடவேண்டும் என்று வைத்தியரை நெருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நெருக்குதலுக்கு இணங்கி, பல்லைச் சாய்த்து மறைக்கும் சிகிச்சையையே முழுச் சிகிச்சை என்று செய்துகொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தாடையின் வளர்ச்சி பெண்களுக்குப் பெரும்பாலும் 16 வயதை ஒட்டியும், ஆண்களுக்கு 18 வயதிலோ அதற்குப் பிறகோ ஓய்கிறது. முன்தள்ளும் கீழ்த்தாடையோ அதற்கு மேலும் சில ஆண்டு வளர்ந்துகொண்டிருப்பது உண்டு. அது ஓயுமுன் அறுத்துச் சீர்ப்படுத்தினால், மீதமுள்ள வளர்ச்சி சீர்ப்படுத்தியதைக் கலைத்துவிடும். சுவாசம் தடைப்படும் குழந்தைகளைப்போன்ற சிலருக்கே விதிவிலக்கு. பிராட்பென்ட் என்ற அமெரிக்கர் 1931இல் வகுத்துக்கொடுத்த முறைப்படி, தலையை அசையாமல் ஒரே நிலையில் நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து, ஆறு மாதமோ ஓர் ஆண்டோ கழித்து எடுத்த படத்தை முந்தைய படத்தின்மேல் வைத்துத் தாடையின் கோடுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கோட்டின்மேல் கோடு படிந்தால் ரண சிகிச்சைக்குத் தேதி குறிக்கலாம். ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும், கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதென்று சொன்னாலும், காத்திருந்து மறுபடம் எடுக்கவேண்டியதுதான்.