தக்காளி இல்லை என்று எழுதி ஒட்டிய கடை

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நம் மளிகை வணிகர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போயிற்று. வழக்கமாக இரண்டு கிலோ வாங்குகிறவர்கள் கால் கிலோ கேட்டார்கள். சென்னையில் நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க அரசே முன்வர வேண்டியிருந்தது. எங்கள் கருவேப்பிலங்குறிச்சி கடைத்தெருவில் தக்காளிக் கூடைக்கு அருகே நின்றுவிட்டு, புளியை வாங்கிக்கொண்டு போனவர்கள் பலர்.

அதே மாதத்தில் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. மெக்டொனால்ட்ஸ் என்னும் அமெரிக்க பர்கர் நிறுவனம், டெல்லி உள்ளிட்ட வடமாநிலக் கடைகள் பலவற்றில் ஓர் அறிவிப்பை ஒட்டியிருந்தது. தங்கள் தரத்துக்கு ஏற்ற தக்காளி போதுமான அளவு கிடைக்கவில்லை, ஆகவே தற்காலிகமாகத் தக்காளி இல்லாமல் பரிமாறுகிறோம் என்பது அதன் சாரம். அடுத்த மாதம் பர்கர் கிங் நிறுவனமும் சில கடைகளில், தக்காளிக்கும் ஓய்வு வேண்டும் என்று வேடிக்கையாக எழுதி அதையே செய்தது.

இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு நாலு துண்டு தக்காளிக்கு வழியில்லையா என்று பலர் சிரித்தார்கள். நானும் முதலில் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அழுகல் தக்காளியை நறுக்கி உள்ளே வைத்து மூடியிருந்தால் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? துண்டைப் பாதியாக்கியிருந்தால் யார் அளந்து பார்த்திருப்பார்கள்? அப்படிச் செய்யாமல், பணம் கொடுக்கும் முன்பே வாடிக்கையாளர் கண்ணில் படும்படி, இல்லாததை இல்லை என்று எழுதி ஒட்டினார்கள். வேண்டும் என்கிறவர் வாங்கலாம், வேண்டாம் என்கிறவர் திரும்பிப் போகலாம். வாயில் வைத்த பிறகு ஏமாந்தேன் என்று யாரும் சொல்ல வழியில்லை.

இதைப் பெரிதாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதே இடத்தில் நான் ஒரு முறை தவறினேன்.

இரண்டு மூட்டைப் பருப்பு

பக்கத்து ஊர் சில்லறை வணிகர் ஒருவர் 11 ஆண்டுகளாக என்னிடம் வாராவாரம் சரக்கு எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தை மாதத்தில், வழக்கமாக எடுக்கும் ரகத்தில் துவரம் பருப்பு இரண்டு மூட்டை கேட்டு ஆள் அனுப்பினார். அந்த ரகம் கையில் இல்லை. கிட்டத்தட்ட அதே விலையில் வேறு ரகம் இருந்தது, சற்றுப் பழைய சரக்கு. அதை ஏற்றி அனுப்பிவிட்டேன். பில்லில் “து.பருப்பு 2” என்று மட்டும் எழுதினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சொன்னால் வியாபாரம் வேறு கடைக்குப் போய்விடுமே என்ற எண்ணம்தான்.

அந்தப் பருப்பு ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிற்று. விடியற்காலை அடுப்பில் ஏற்றிய பருப்பு, சமையல்காரர் எவ்வளவு முயன்றும் வேகவில்லை. விருத்தாசலத்துக்கு ஆள் ஓடிப்போய், கடையைத் தட்டித் திறக்கச் சொல்லி வேறு பருப்பு வாங்கி வந்த பிறகுதான் பந்தி போட முடிந்தது.

மறுநாள் அவர் என் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பாக்கி முழுவதையும் எண்ணிப் பெட்டிமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “சரக்கு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற எடத்துல வாங்கியிருப்பேன் அண்ணே. இப்ப கல்யாண வீட்டுக்காரர் முகத்துல நான் எப்படி முழிக்கறது?”

இரண்டு மூட்டையில் எனக்கு நின்ற லாபம் எவ்வளவு, போன வாடிக்கை எவ்வளவு என்பதை வணிகர்களுக்கு நான் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

வந்தவுடன் கற்றுக்கொண்ட பாடம்

மெக்டொனால்ட்ஸ் நம் நாட்டில் முதல் கடையைத் திறந்தது 1996 அக்டோபரில், டெல்லி வசந்த் விஹாரில். அமெரிக்காவில் அந்தக் கடையின் உயிரே மாட்டிறைச்சி பர்கர்தான். இங்கே மாட்டிறைச்சியும் இல்லை, பன்றி இறைச்சியும் இல்லை என்று சொல்லித்தான் திறந்தார்கள். அந்த நிறுவனம் உலகில் மாட்டிறைச்சி விற்காமல் நடத்திய முதல் கடை அது என்பார்கள். ஆட்டிறைச்சியில் மகாராஜா பர்கர் செய்தார்கள். பின்னாளில் அது கோழிக்கு மாறிற்று. நம்மவர்களுக்காக உருளைக்கிழங்கு டிக்கி வைத்த பர்கர் வந்தது. சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி சமையல் பகுதி, தனித்தனிப் பாத்திரம், தனித்தனி ஆட்கள் என்று ஏற்பாடு செய்தார்கள். வழக்கமாக முட்டை சேரும் மயோனைஸைக்கூட முட்டை இல்லாமல் தயாரிக்கச் செய்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பேரனின் பிடிவாதத்தால் சென்னையில் இப்படிப்பட்ட ஒரு பர்கர் கடைக்குக் குடும்பத்தோடு போனேன். என் மனைவி சுத்த சைவம். அசைவம் விற்கிற இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று ஒதுங்கி நின்றாள். கல்லாவில் இருந்த பெண்ணுக்கு எங்கள் பேத்தி வயதுதான் இருக்கும். “பாட்டி, சைவம் செய்யற எடம் தனிங்க. வந்து பாருங்க” என்று பச்சைக் குறியையும் சமையல் பகுதியையும் காட்டியது. மனைவி எட்டிப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்தப் பண்டம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நம் ஊர் மசால் வடைக்கு ஈடாகாது. ஆனால் அந்தப் பெண் பதில் சொன்ன விதம் பிடித்திருந்தது. கேள்வி கேட்டதற்கு முகம் சுளிக்கவில்லை. பதில் அதன் கையில் தயாராக இருந்தது.

அப்படிப் பதில் சொல்வதற்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தார் முதல் கடையைத் திறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இந்த வேலையைத் தொடங்கினார்கள். பர்கருக்குள் வைக்கும் இலைக்கோசைப் புனே பக்கத்தில் பயிர் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். உருளைக்கிழங்கு வறுவலுக்கு நம் கிழங்கு முதலில் ஒத்துவரவில்லை. நீர்ச்சத்து அதிகம், நீளமும் போதாது. தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். பிறகு குஜராத் விவசாயிகளிடம் அதற்கேற்ற ரகத்தைப் பயிராக்கி, மெஹ்சானாவில் உள்ள ஆலையில் தயாராகும் வறுவலை வாங்கினார்கள். எந்தச் சரக்கு எந்த வயலிலிருந்து வந்தது என்று தெரிந்தவரால்தான் வாடிக்கையாளருக்குத் தைரியமாகப் பதில் சொல்ல முடியும்.

அவர்களும் தவறினார்கள்

அதே நிறுவனம் அமெரிக்காவில் சொல்லாமல் விட்ட ஒன்றுக்குப் பெரிய விலை கொடுத்தது. 1990இல், உருளைக்கிழங்கு வறுவலுக்கு இனி மாட்டுக் கொழுப்பு இல்லை, தாவர எண்ணெய்தான் என்று அறிவித்தார்கள். அதை நம்பி அங்குள்ள இந்துக்களும் மற்ற சைவ உணவுக்காரர்களும் ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டார்கள். எண்ணெய் தாவர எண்ணெய்தான். ஆனால் வறுவலில் சேர்த்த வாசனைப் பொருளில் மாட்டிறைச்சிச் சாறு இருந்தது. அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

2001இல் சியாட்டில் நகரில் வழக்குத் தொடுத்தார்கள். செய்தி இங்கே பரவியதும் மும்பைப் பக்கம் ஒரு கடையை அடித்து நொறுக்கினார்கள். இந்தியாவில் விற்கும் வறுவலில் அப்படி எதுவும் சேர்ப்பதில்லை என்று இங்குள்ள நிர்வாகம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 2002இல் அமெரிக்க நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, சைவ உணவு அமைப்புகளுக்கும் சமய அமைப்புகளுக்கும் பிறவற்றுக்குமாக 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

அவர்கள் சொன்னது பொய் அல்ல. பாதி உண்மை. என் பில்லில் இருந்த “து.பருப்பு 2” என்பதும் பொய் அல்ல, பாதி உண்மைதான். எழுதாமல் விட்ட பாதிதான் அவர்களையும் என்னையும் கவிழ்த்தது.

நாம் செய்யக்கூடியவை

நம் கடைகளில் இதற்குப் பெரிய முதலீடு எதுவும் வேண்டாம்.

மாதச் சாமான் பட்டியலில் கேட்ட ரகம் இல்லையென்றால், வேறு ரகத்தைக் கட்டி அனுப்பும் முன் ஒரு போன் செய்து கேளுங்கள். போன் கிடைக்கவில்லையென்றால் அந்த வரியை அடித்துவிட்டு “இல்லை” என்று எழுதி மற்றதை அனுப்புங்கள்.

பில்லில் பொருளின் பெயரோடு ரகத்தையும் எழுதுங்கள். பழைய சரக்கு என்றால் பழையது என்று சொல்லி, விலையைக் குறைத்துக் கொடுங்கள். வாங்க ஆள் இருக்கிறார்கள்.

சில்லறையாக நிறுத்து விற்கும் பருப்பு, புளி, மிளகாய் எந்த லோடில் வந்தது என்று மூட்டைமேல் தேதி போட்டு வையுங்கள். கேட்டால் பதில் சொல்லலாம். மொத்த வணிகர்களாகிய நாங்கள் உங்களுக்குச் சரியாகச் சொன்னால்தான் நீங்கள் வாடிக்கையாளருக்குச் சரியாகச் சொல்ல முடியும். ஆகவே எங்களை வற்புறுத்திக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பெரிய நிறுவனங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பைத்தான் ஒட்ட முடியும். எந்த வீட்டில் சர்க்கரை வியாதி, யார் புரட்டாசியில் முட்டை தொட மாட்டார், யார் வெங்காயம் பூண்டு சேர்க்க மாட்டார் என்பதெல்லாம் நமக்குத்தான் தெரியும். அந்த வாடிக்கையாளரிடம் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, “இன்னிக்கு வந்தது நல்லா இல்லை, நாளைக்கு வாங்க” என்று சொல்லும் வசதி நமக்கு இருக்கிறது. அந்த வசதியை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

பருப்புக்காரர் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாள் வெல்லம் வாங்க வந்தார். என் பில்லில் ரகமும் லோடு தேதியும் எழுதியிருப்பதைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு மூட்டைப் பருப்புக்கு ஆள் அனுப்பினார். இன்றும் தேவையான சரக்கில் பாதியைத்தான் என்னிடம் எடுக்கிறார், மறுபாதி வேறிடத்தில். அந்த மறுபாதியை நான் கேட்டதில்லை. அது எனக்கு நானே போட்டுக்கொண்ட அபராதம்.