சட்டாம்பிள்ளைக்குப் பாடம் சொல்வது யார்?

ஒரே வீட்டில் முதல் வகுப்புப் பிள்ளையும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும், இடையில் இன்னும் இருவரும் இருக்க, அவர்கள் அனைவருக்கும் ஓராண்டுப் பாடத்தை ஒருவரே சொல்லிக் கொடுப்பது எங்ஙனம்? கல்வியியல் பயிலாத வரலாற்று மாணவி ஒருத்திக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று பேராசிரியப் பெருமக்கள் வியக்கக்கூடும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நம்மில் பலருடைய வீடுகளே பள்ளிக்கூடங்களாயின. அவ்வாண்டு ஜூனில் நான் பிளஸ் டூ. என் தங்கை எட்டாம் வகுப்பு, தம்பி ஐந்து, சித்தியின் மகன் மூன்று, மகள் ஒன்று. போடியில் எங்கள் வீட்டு முன்னறையில் நால்வருக்கும் நானே வாத்தியார்.

கல்வித் தொலைக்காட்சி இருந்ததே என்பீர்கள். இருந்தது, பயனும் தந்தது. ஆனால் வீட்டில் பெட்டி ஒன்றுதான். தம்பியின் பாடம் ஓடும்போது ஒன்றாம் வகுப்புக்காரி அதன்முன் நின்று ஆடிக்கொண்டிருப்பாள்.

வயது வேறுபட்ட பிள்ளைகளை ஒருங்கே வைத்துக் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் அப்படித்தான் நடந்தன. மணலில் விரலால் அகரம் எழுதுபவனும், ஓலையில் எண்சுவடி எழுதுபவனும் ஒரே திண்ணையில் அமர்ந்தனர். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789-இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்த முனைந்தபோது கீழுள்ள ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. உடனே ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்துவிட்டார். பையன் செவ்வனே நடத்தினான். 1797-இல் பெல் லண்டனில் வெளியிட்ட நூலின் வழியே இது ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. ஆசிரியர் சம்பளத்தை மிச்சப்படுத்தும் முறை என்பதும் அது பரவியதற்கு ஒரு காரணம் என்பதை நாம் மறக்கலாகாது.

இன்றைய நிலையும் அதற்கு வெகுதொலைவில் இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பை இருவர் பங்கிட்டால், எந்நேரமும் மூன்று வகுப்பாவது தானே படித்துக்கொண்டிருக்க வேண்டும். இதற்கென ஆந்திரத்தின் ரிஷிவேலியில் பாடத்தைச் சிறுசிறு அட்டைகளாக்கி, ஏணிப் படிகள் போல் வரிசைப்படுத்தினார்கள். பிள்ளை தன் படியிலிருந்து தன் வேகத்தில் ஏறலாம். அதைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் வந்தது. நான் சிறுவயதில் படித்ததும் அந்த அட்டைகளைக் கொண்டுதான். அவற்றின் நினைவை வைத்தே, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் சித்தி பிள்ளைகளுக்கு அட்டைகள் எழுதினேன்.

ஆண்டுத் திட்டம் என்றவுடன், பாடநூலை மாதங்களுக்குச் சமமாகப் பிரிப்பது வழக்கம். ஏலமலை அடிவாரத்தில் அது செல்லாது. எங்கள் ஆண்டை வகுப்பது காய் எடுப்பு. ஆகஸ்ட் வாக்கில் தொடங்கினால் பிப்ரவரி வரை செல்லும். ஏலக்காய் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஒரே செடியில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்தே இருக்கும். (எங்கள் முன்னறையும் அப்படித்தான்!) ஆகவே தோட்டம் முழுவதும் எடுத்து முடித்துச் சில வாரங்களில் மீண்டும் முதற்செடிக்கே வர வேண்டும். பருவத்துக்கு ஐந்தாறு சுற்று ஆகும். அம்மாவும் சித்தியும் வழக்கமாகப் பூப்பாறைப் பக்கம் ஜீப்பில் போகிறவர்கள். அவ்வாண்டு மாநில எல்லையில் கெடுபிடி இருந்ததால் குரங்கணிக்கு மேலே, நம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனார்கள். விடியுமுன் கிளம்பினால் திரும்பும்போது விளக்கு வைத்திருப்போம். இடைப்பட்ட நேரத்துச் சோறும் தண்ணீரும் எங்கள் பொறுப்பு.

எனவே புதிய பாடங்களை ஜூன், ஜூலையில் வைத்தேன். தம்பிக்குப் பின்னம், தங்கைக்கு இயற்கணிதம், சின்னவளுக்கு உயிரெழுத்து எல்லாம் அம்மா வீட்டிலிருக்கும் நாட்களிலேயே தொடங்கப்பட்டன. காய் எடுப்பு மும்முரமானதும் புதியதைக் குறைத்து, படித்ததையே சுற்றுச் சுற்றாகத் திரும்ப எடுத்தோம். அக்டோபர், நவம்பரில் போடியில் மழை. வெளியே விடமுடியாத அந்த நாட்கள் கதைப் புத்தகத்துக்கும் நிலப்படத்துக்கும். பிப்ரவரிக்குப் பின் மறுபடியும் புதிய பாடம்.

அன்றாட வேலையில் நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. நால்வருக்கும் நான்கு கால அட்டவணை போட்டால் ஒரு வாரம்கூட ஓடாது. எதைச் சேர்த்துச் சொல்லலாம், எதைத் தனியே சொல்ல வேண்டும் என்று பிரிப்பதே முதல் வேலை. எழுத்துக்கூட்டிப் படிப்பதும் கணக்கின் அடிப்படையும் தனித்தனியே. கதை, ஊர், மலை, மழை, தொழில் ஆகியவை எல்லாருக்கும் சேர்த்து. கேள்வி மட்டும் வயதுக்குத் தக்கபடி. ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ தேறும் என்பது எங்கள் தெருவில் அனைவரும் அறிந்தது. சின்னவள் ஐந்து புளியங்கொட்டைக்கு ஒன்றாகப் பிரித்து வைப்பாள். அவள் அண்ணன் நாற்பது கிலோவுக்கு எட்டு என்பான். தம்பி அதை ஐந்தில் ஒரு பங்கு என்று எழுதுவான். ஈரம் எத்தனை சதவீதம், நூறு கிலோவில் தேறுவது பதினெட்டே கிலோ என்றால் முதலாளிக்கு எவ்வளவு குறையும் என்பது தங்கைக்கு. ஒரே கணக்கு நாலு பேருக்கும் அரைமணி நேரம் ஓடும். அந்த அரைமணியில் நான் சோற்றை வடித்துவிடுவேன்.

இனி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மூத்த பிள்ளை சொல்லிக் கொடுத்தால் இளைய பிள்ளை கற்கும். சொல்பவருக்கும் பாடம் தெளியும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மலைக்கு வேலைக்குப் போகும் வீடுகளில் அந்த மூத்த பிள்ளை பெரும்பாலும் பெண். இடுப்பில் குழந்தை, அடுப்பில் உலை, மடியில் தம்பியின் சிலேட்டு. அவளுடைய சொந்தப் புத்தகத்தை யாரும் நேரம் குறித்து வைப்பதில்லை. படிப்பு ஒருநாளில் நிற்பதில்லை. ஒவ்வொரு மணியாகக் கழன்று போகிறது. திண்ணையில் சட்டாம்பிள்ளைக்குப் பாடம் சொல்ல ஆசிரியர் இருந்தார். வீட்டில் யார்?

இதற்காகவே எங்கள் அட்டவணையில் முதலில் எழுதப்பட்டது தங்கையின் நேரம். ஜீப் கிளம்பியபின், சிறுவர்கள் எழும்வரை, காலை ஐந்தரை முதல் ஏழு வரை அவளுடைய கணக்கும் அறிவியலும். அவ்வேளையில் சின்னவள் எழுந்தாலும் நான்தான் தூக்க வேண்டும். இளையோருக்கு அவள் சொல்லிக் கொடுப்பது நாளொன்றுக்கு அரைமணி, அதற்குமேல் இல்லை. என் பாடங்கள் இரவுக்குப் போயின.

2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் பள்ளி திறந்தது. நான் போயாக வேண்டும்; காய் எடுப்போ முடியவில்லை. பகல் முழுவதும் தங்கையின் தலையில் விழுந்துவிடும் என்று அஞ்சி, ஒன்றாம் வகுப்பு அட்டைகளைத் தம்பியிடம் ஒப்படைத்தோம். பத்து வயதுப் பையன் நடத்துவானா என்று சித்தி கேட்டார். மூன்றாம் வகுப்புக்காரன் தன் ஏணியில் தானே ஏறப் பழகியிருந்தான். கூட்டுக் கணக்கை நான் மாலையில் வந்து பார்த்தேன். காலை ஐந்தரை மணி மட்டும் மாறவில்லை.

அவ்வாண்டு செப்டம்பர் 1-இல் ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தபோது தங்கை எட்டாம் வகுப்புக் கணக்கை முடித்துவிட்டிருந்தாள். சிறியவர்களின் பள்ளி நவம்பர் 1 வரை திறக்கவில்லை. அந்த இரண்டு மாத அட்டவணையை எழுதிச் சுவரில் ஒட்டியவன் தம்பி. அதில் முதல் வரியில் தன் பெயரையே போட்டுக்கொண்டிருந்தான்.