வீட்டு நாயையும் பூனையையும் குறைந்த செலவிற் பேணுதல்

கமக்காரரின் வீட்டில் நாயும் பூனையும் வெறும் அழகுக்காக வளர்க்கப்படுவன அல்ல. இரவிலே பயிருக்குள் இறங்கும் காட்டுப் பன்றியையும், பகலிலே காய்களைப் பறித்து அழிக்கும் குரங்கையும் நாய் குரைத்து அறிவிக்கின்றது. அறுவடை செய்து வீட்டிற் சேர்த்த நெல்லையும், அடுத்த போகத்துக்கென வைத்த விதைநெல்லையும் பூனை எலியினின்று காக்கின்றது. ஆகவே இவ்விரண்டையும் கமத்தின் வேலையாட்களாகவே கருதுதல் பொருந்தும்.

ஆயினும் பொருள்களின் விலை உயரும்பொழுது, இப்பிராணிகளுக்காகும் செலவு பாரமாகத் தோன்றுவது இயல்பே. அச்செலவைக் குறைக்க வழிகள் உண்டு. ஆனால் செலவைக் குறைத்தல் வேறு, கவனத்தைக் குறைத்தல் வேறு. கடையிலிருந்து வாங்கும் பொருள்களிற் பெரும்பாலானவற்றை நிறுத்திவிடலாம். தீங்கு எதுவும் நேராது. தடுப்பூசி, பூச்சி மருந்து, கருத்தடை ஆகிய மூன்றையும் நிறுத்தினாலோ, இன்று மிச்சப்படுத்திய ஒரு ரூபாவுக்காக நாளை நூறு ரூபா இழக்க நேரிடும்; சிலவேளைகளில் உயிரையே இழக்க நேரிடும். எதிற் சிக்கனம் செய்யலாம், எதிற் செய்தலாகாது என்பதை இப்பிரசுரம் விளக்குகின்றது.

1. நாயின் உணவு

நாளாந்தச் செலவிற் பெரும்பகுதி உணவுக்கே செல்கின்றது. பெட்டியிலும் பையிலும் அடைத்து விற்கப்படும் உணவு நாய்க்கு இன்றியமையாததன்று. ஏறக்குறைய 12 கிலோ எடையுள்ள, வளர்ச்சியடைந்த நாட்டு நாய் ஒன்றுக்கு நாளொன்றுக்குப் பின்வரும் அளவு போதுமானது:

அரிசி (சமைக்குமுன்) – 125 கிராம்
மீன் – 100 கிராம்
பருப்பு – 25 கிராம்
தேங்காயெண்ணெய் – ஒரு தேக்கரண்டி
பூசணி, கரட், போஞ்சி முதலியன – ஒரு பிடி

இதற்கு நல்லரிசி வேண்டியதில்லை. நெல் குற்றும்பொழுது உடைந்துபோகும் நொய்யரிசியே போதும். சந்தைக்கு அனுப்ப முடியாத வடுப்பட்ட பூசணியையும் முற்றிய போஞ்சியையும் இதிற் பயன்படுத்தலாம். அழுகிய பகுதியை வெட்டி எறிந்துவிடல் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் காலத்திற் சூடை, நெத்தலி போன்ற சிறு மீன்களை வாங்கி, நன்றாக அவித்து, மெல்லிய முள்ளோடு மசித்துச் சேர்த்தால், எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே பானையில் உப்பும் மிளகாயும் இன்றி வேகவைத்து, ஆறியபின், காலையும் மாலையும் இரு வேளையாகப் பகிர்ந்து கொடுத்தல் நன்று.

நாயின் விலாவைக் கையாற் தடவிப் பார்க்கும்பொழுது எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஆனால் எட்ட நின்று பார்க்கையில் ஒவ்வொன்றாகத் தெரிதலாகாது. தெரிந்தால் உணவைச் சிறிது கூட்டுக. தடவியும் தட்டுப்படாவிடின் குறைக்க. அளவின்றிக் கொடுப்பது செலவையும் நோயையும் ஒருங்கே வளர்ப்பதாகும்.

தவிட்டை மட்டுமே காய்ச்சி ஊற்றுவது சிக்கனமன்று. அதில் நார் மிகுதி. பழந்தவிடு விரைவிற் காறிப்போகும். அவ்வாறு வளர்க்கப்படும் நாய் மெலிந்து, நோய்வாய்ப்பட்டு, காவலுக்கும் உதவாது போகும்.

2. பூனையின் உணவு

பூனை நாயைப் போன்றதன்று. அது இயல்பிலேயே ஊனுண்ணும் பிராணி. சோற்றையும் பாலையும் மட்டும் கொண்டு அதனை வளர்த்தல் இயலாது. மீனிலும் இறைச்சியிலுமுள்ள சில சத்துகள் கிடையாவிடின் அதன் கண்பார்வையும் இருதயமும் பழுதடையும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதுமில்லை. ஆகவே பாலுக்குச் செலவிடும் பணத்தை மீனுக்குச் செலவிடுதல் நன்று. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிராம் அவித்த சிறு மீனும் ஒரு பிடி சோறும் போதும்.

பட்டினி கிடக்கும் பூனைதான் எலி பிடிக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. வேட்டையாடுதல் பூனையின் இயற்கை. வயிறார உண்ட பூனையும் எலியைப் பிடிக்கும்; அன்றியும் அது அயல்வீடுகளுக்கு இரைதேடி அலையாது களஞ்சியத்தின் அருகிலேயே தங்கியிருக்கும்.

3. கொடுக்கத்தகாதவை

வெங்காயச் செய்கையாளர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். வெங்காயமும் உள்ளியும், பச்சையாயினும் சமைத்தவையாயினும், நாயினதும் பூனையினதும் செங்குருதிக் கலங்களை அழிக்கின்றன. பூனையின் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே தீங்கு செய்யப் போதும். அதாவது 4 கிலோ பூனைக்கு 20 கிராம்; இரண்டு சின்ன வெங்காயங்களின் அளவே இது. நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வரையில் தீங்கு தோன்றும். எனவே வெங்காயம் சேர்ந்த கறியையும் குழம்பையும் சோற்றோடு குழைத்துப் போடும் வழக்கத்தை விட்டுவிடல் வேண்டும்.

சமைத்த கோழியெலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். உப்பு மிகுந்த கருவாடும், புளித்து நாறிய சோறும் ஆகா. மனிதருக்குரிய காய்ச்சல் மாத்திரைகளை ஒருபோதும் கொடுத்தலாகாது. பரசிற்றமோல் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

4. உறைவிடமும் தூய்மையும்

இதற்குப் பணம் வேண்டியதில்லை. மழையும் வெயிலும் படாத ஓரிடத்தில், நிலத்திலிருந்து சற்று உயர்த்திய பலகையின்மேல் பழஞ்சாக்கை விரித்து, மேலே கிடுகு வேய்ந்தால் நாய்க்குப் போதுமானது. சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் நனைத்து வெயிலிற் காயவிடுக. தெள்ளும் உண்ணியும் பெருகாதிருக்க இதுவே மலிவான வழி. நாயுண்ணிகள் சுவரின் வெடிப்புகளில் முட்டையிடுவதால், அவ்வெடிப்புகளைப் பூசி அடைத்துவிடுக. உடலிற் காணப்படும் உண்ணிகளைப் பிடுங்கிச் சவர்க்கார நீரில் இடுக, விரல்களால் நசுக்கலாகாது.

குடிப்பதற்கு நாள்தோறும் புதுநீர் வைத்தல் வேண்டும். நீர் வைக்கப்படாத நாய், மருந்து விசிறும் கருவியைக் கழுவிய வாய்க்காலிலேயே சென்று குடிக்கும்.

5. பயிர் மருந்துகளால் நேரும் ஆபத்து

உண்ணியை அழிப்பதற்குப் பயிருக்குத் தெளிக்கும் பூச்சிநாசினியைக் கரைத்து நாயின்மேற் பூசுவோர் உளர். வீட்டிலேயே மருந்து இருக்கின்றது, செலவில்லை என்பது அவர்கள் எண்ணம். இம்மருந்து தோலினூடாக உட்சென்றும், நாய் தன்னை நக்குவதால் வயிற்றை அடைந்தும் உயிரைப் போக்கும். அதனைப் பூசுபவருக்கும், நாயோடு விளையாடும் பிள்ளைகளுக்கும் அதே ஆபத்து உண்டு. நாய்க்கெனத் தயாரிக்கப்பட்ட உண்ணி மருந்துகளிற் சில பூனைக்கு நஞ்சாகும் என்பதையும் நினைவிற் கொள்க. வாகனங்களிலிருந்து கழிக்கப்பட்ட எண்ணெயைச் சொறிக்குப் பூசுவதும் இத்தகையதே. சொறிக்கு மிருக வைத்தியர் தரும் மருந்து இவற்றால் வரும் இழப்பிலும் மலிவானது.

எலிப்பாஷாணம் வைக்கும் காலத்தில் நாயைக் கட்டிவைத்தும், பூனையை வீட்டினுள் அடைத்தும் காத்தல் வேண்டும். இறந்த எலிகளை உடனே ஆழப் புதைத்துவிடுக. நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனையும் மாளும். பூனை மாண்டபின் எலி முன்னையிலும் பெருகும். எலிகளின் சிறுநீரால் வயல்நீரிற் பரவும் எலிக்காய்ச்சல் கமக்காரரையே தாக்குவதென்பதை நாம் மறத்தலாகாது.

6. சிக்கனம் செய்யத்தகாத மூன்று

முதலாவது, விசர்நோய்த் தடுப்பூசி. விசர்நோய்க் கிருமி நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் உள்ளது; கடியினாலும் கீறலினாலும் உடலுட் செல்கின்றது. நோயின் அறிகுறிகள் தோன்றியபின் மனிதரோ மிருகமோ பிழைத்தல் மிக அரிது. ஆனால் கடியுண்டவுடன் தக்க சிகிச்சை பெற்றால் நோயை முற்றாகத் தடுக்கலாம். லூயி பாஸ்டர் 1885 ஆம் ஆண்டில், விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசியேற்றி இதனை உலகுக்குக் காட்டினார்.

நாய்களுக்கான இவ்வூசி சுகாதாரப் பகுதியினரால் இலவசமாகப் போடப்படுகின்றது. ஊசி போடும் நாளையும் இடத்தையும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிந்துகொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை நாயை அழைத்துச் செல்லும் சிரமம் மட்டுமே செலவாகும். பூனைக்கும் இவ்வூசி அவசியம். குட்டிகளுக்கு முதல் ஊசி போடவேண்டிய வயதை மிருக வைத்தியரிடம் கேட்டறிக. ஊசி போட்டதற்கான அட்டையைப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும்.

நாய் அல்லது பூனை எவரையேனும் கடித்துவிட்டால், காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். ஊசி போட்ட நாய்தானே என்று வீட்டில் இருந்துவிடலாகாது. கடித்த நாயைக் கொன்றுவிடாது, கட்டிவைத்து 14 நாட்கள் கவனித்தல் வேண்டும். மாடும் இந்நோய்க்கு ஆளாகும். வாயில் நீர் வடிய, விழுங்க முடியாது கதறும் மாட்டின் தொண்டையில் ஏதோ அடைத்துவிட்டதென்று எண்ணிக் கையை உள்ளே விடுவது பேராபத்தாகும். அத்தகைய மாட்டைத் தனியே கட்டி, மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பூச்சி மருந்து. குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்து மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கொருமுறையும், பின்னர் மூன்று மாதத்துக்கொருமுறையும் மிருக வைத்தியர் கூறும் அளவிற் கொடுத்தல் வேண்டும். குடலிற் பூச்சியுள்ள நாய்க்கு இடும் உணவிற் பெரும்பகுதி வீணே போகின்றது. நாயின் மலத்தோடு வெளியேறும் பூச்சி முட்டைகள் மண்ணில் விளையாடும் பிள்ளைகளையும் பீடிக்கும்.

மூன்றாவது, கருத்தடை. பெண்நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவமடைகின்றது. ஏறக்குறைய 63 நாட் சினைக்குப்பின் நான்கு முதல் எட்டுக் குட்டிகள் வரை ஈனுகின்றது. பாலூட்டும் நாய்க்கு வழக்கமான உணவைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். குட்டி ஒன்று வளர்ந்தபின் உண்ணும் அரிசி மட்டும், நாளுக்கு 125 கிராம் வீதம், ஆண்டுக்கு 46 கிலோவாகும். அவற்றைப் பேண முடியாது சந்தையிலும் கோயில் வீதியிலும் விட்டுவிடுவது பாவம் மட்டுமன்று. ஊசி போடாத அந்நாய்களே ஊருக்கு விசர்நோயைக் கொண்டுவருகின்றன. கருத்தடை ஒருமுறை செய்வதோடு முடிந்துவிடும். அரசாங்கம் இலவசமாக நடத்தும் கருத்தடை முகாம்கள் அயலில் நடைபெறும்பொழுது அவற்றைப் பயன்படுத்திக்கொள்க.

7. கணக்கு வைத்தல்

பயிர்ச் செலவைக் குறித்துவைக்கும் கொப்பியின் கடைசித் தாளில், நாய்க்கும் பூனைக்கும் மாதந்தோறும் செலவானதை எழுதிவருக. உணவு ஒரு நிரையிலும், மருந்து ஒரு நிரையிலும் இருத்தல் நன்று. ஆறு மாதத்தின்பின் நோக்கினால், கடையுணவுக்கும் பாலுக்கும் சென்ற தொகை கண்முன் தோன்றும். அதனைக் குறைத்து, அதிலொரு சிறு பகுதியை மருந்துக்கென ஒதுக்கிவைக்கலாம். இரண்டு பிராணிகளை அரைகுறையாக வளர்ப்பதிலும் ஒன்றை நன்றாக வளர்ப்பது இலாபமாகும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

நொய்யரிசியும் சிறுமீனும் தோட்டத்து மரக்கறியும் கடையுணவுக்கு ஈடாகும்.
வெங்காயம், கோழியெலும்பு, மனிதருக்குரிய மாத்திரை ஆகியன வேண்டா.
பயிர் மருந்தைப் பிராணியின் உடலிற் பூசற்க.
விசர்நோய்த் தடுப்பூசி இலவசமானது, ஆண்டுதோறும் போடுக.
வேண்டாத குட்டிகளை வீதியில் விடாது, முன்னரே கருத்தடை செய்க.

மேலும் விபரம் வேண்டுவோர் அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்திற் கேட்டறியலாம்.