சிவப்பு ஒயர் எங்கே அறுந்தது?

நீங்கள் செய்த எலெக்ட்ரானிக்ஸ் கிட்டில் எல்.இ.டி. திடீரென்று எரியாமல் போனால், சந்தேகம் முதலில் ஐ.சி. மீதுதான் விழும். பாவம், அது பெரும்பாலும் குற்றமற்றது. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் கிட் என்றால் முதலில் பார்க்க வேண்டியது, பேட்டரியின் தலையில் அழுத்தி மாட்டுகிறோமே, அந்தக் கிளிப்பைத்தான்.

பேட்டரியை மாட்டிய நிலையிலேயே, கிளிப்பை ஒட்டி ஒயர்களை ஒவ்வொன்றாக மெல்ல அசைத்துப் பாருங்கள். எல்.இ.டி. விட்டுவிட்டு எரிகிறதா? கோளாறு பிடிபட்டுவிட்டது! ஒயரின் பிளாஸ்டிக் உறை முழுசாகத்தான் இருக்கும். உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும்.

ஏன் எப்போதும் அந்த இடத்திலேயே அறுகிறது? ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருங்கள். வளைவைத் தொட்டால் சூடு தெரியும். கொஞ்ச நேரத்தில் பட்டென்று உடையும். வளைக்கும்போது கம்பியின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் நெருக்கப்படுகிறது. திருப்பி வளைத்தால் இரண்டும் இடம் மாறுகின்றன. இப்படியே தொடர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று தோன்றி, வளர்ந்து, கம்பியைத் துண்டாக்கிவிடும். உலோகச் சோர்வு என்று இதற்குப் பெயர். கம்பி தடிமனாக இருந்தால் வெளிப்பக்கம் இன்னும் அதிகம் இழுபடும். அதனால்தான் ஒயருக்குள் ஒரே தடித்த கம்பி இல்லாமல் முடி போன்ற பல மெல்லிய இழைகளை வைக்கிறார்கள். ஆனாலும் கிளிப் விறைப்பானது, ஒயர் வளையக்கூடியது. இரண்டும் சேரும் ஓரத்தில் எல்லா வளைவும் குவிகிறது. இழைகள் ஒவ்வொன்றாக அங்கே விடைபெறுகின்றன.

புதுக் கிளிப் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் மலிவாகவே கிடைக்கும். பழைய ஒயர்களை எடுத்துவிட்டு, சிவப்பைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் பற்றவைக்க வேண்டும். வெள்ளீயம் 63, ஈயம் 37 என்ற கலவைப் பற்று 183 டிகிரி செல்சியஸில் உருகும். சால்டரிங் அயர்னின் முனையோ 300 டிகிரியைத் தாண்டும். ஆகவே பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கடை தூரமா? தீர்ந்துபோன 9 வோல்ட் பேட்டரியின் தலைத் தகட்டையே கிளிப்பாக்கலாம். சாதாரண கார்பன் துத்தநாகப் பேட்டரியாக இருந்தால் மட்டும், பெரியவர் பிரித்துத் தரட்டும். தகரம் கையைக் கிழிக்கும். அல்கலைன், லித்தியம், சார்ஜ் செய்யும் வகை, கசிந்த பேட்டரி இவற்றைப் பிரிக்கவே கூடாது.

இனிமேல்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. பேட்டரியில் சின்ன வட்டக் குமிழ் பிளஸ், பெரிய இதழ் வடிவக் கிண்ணம் மைனஸ். பழைய தலையில் எதில் சிவப்பு ஒயரைப் பற்றவைப்பீர்கள்? குமிழில் என்றால் தவறு! மாட்டும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். பழைய தலையின் குமிழ், புதுப் பேட்டரியின் கிண்ணத்துக்குள்தான் நுழையும். அந்தக் கிண்ணம் மைனஸ். ஆக, பேட்டரியாக இருந்தபோது பிளஸ்ஸாக இருந்த குமிழ், கிளிப்பாக மாறியதும் மைனஸ் ஆகிவிடுகிறது. சிவப்பு ஒயர் கிண்ணத்துக்குத்தான் போக வேண்டும்.

இதில் ஏமாந்தால் சின்ன நஷ்டம் இல்லை. விளக்கைச் சிமிட்டவைக்கும் கிட்கள் பலவற்றில் 555 என்ற ஐ.சி. இருக்கும். ஹான்ஸ் கமென்சிண்ட் 1971-ல் வடிவமைத்தது, இன்றும் ஓய்வில்லாமல் உழைக்கிறது. பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் அது சுட்டுக் கெட்டுப்போகும். எனவே போர்டில் பற்றவைக்கும் முன்பே கிளிப்பில் நல்ல பேட்டரியை மாட்டி, மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைச் சிவப்பு ஒயரிலும் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும் தொடுங்கள். 9-ஐ ஒட்டிய எண் வர வேண்டும். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி தெரிந்தால், ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன. சரியாக வந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பற்றவையுங்கள்.

பல போர்டுகளில் பேட்டரி ஒயர் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வெறும் துளை ஒன்று இருக்கும். எதற்கென்று தெரியாமல் விட்டிருப்பீர்கள். ஒயரை அதற்குள் நுழைத்து எடுத்த பிறகு பற்றவையுங்கள். இழுப்பும் வளைவும் துளையோடு நின்றுவிடும், பற்று வரை போகாது. கிளிப்பின் பக்கம், ஒயர் வெளியே வரும் ஓரத்தில் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினால், ஒரே புள்ளியில் மடியாமல் ஒயர் அகலமாக வளையும்.