துடிப்பான நாய்க்கு வேலி: முதலில் அடிமண்ணைப் பாருங்கள்

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதியில், எம்பிலிப்பிட்டிய பக்கத்து ஏ18 வீதி பெல்மதுளையில்தான் வந்து சேர்கிறது. இரண்டிலும் பஸ்ஸும் லொறியும் ஓயாமல் ஓடுகின்றன. சுற்றிலும் தேயிலை, றப்பர் தோட்டங்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஓடியாடும் நாயை வளர்ப்பவர் வேலி போட நினைத்ததும் முதலில் விசாரிப்பது உயரத்தைத்தான். உயரம் வேண்டியதுதான், ஷெப்பர்ட் போன்ற பெரிய நாய்க்கு 6 அடி இருந்தால் நல்லது. ஆனால் சப்ரகமுவ மலைச்சரிவில் வேலியின் பலவீனம் அடியில்தான் இருக்கிறது. செலவிடும் பணத்தில் பெரும்பங்கு அங்கே போக வேண்டும் என்பதே என் கருத்து.

காரணம் மழை. இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. சரிவான முற்றத்தில் வேலியின் கீழ்ப்பக்க மண் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரையும். நேற்று மண்ணைத் தொட்டு நின்ற வலைக்கும் தரைக்கும் நடுவே இன்று மூக்கு நுழையும் இடைவெளி இருக்கும். மூக்கு நுழைந்தால் மிச்சத்தை ஈரமண்ணில் நாயே தோண்டிக்கொள்ளும். இதற்குச் சீமெந்துச் சுவர்தான் வழி என்றில்லை. இரண்டடி அகல வலைத்துண்டு ஒன்றை வேலியின் அடியோடு இறுக்கிக் கட்டி, நாய் நிற்கும் உட்பக்கமாகத் தரையில் படுக்க வைத்து, முளையடித்துக் கல் பாரம் ஏற்றினால் போதும். நாய் வேலியோரத்தில்தான் தோண்டத் தொடங்கும். அங்கே நகத்தில் கம்பி தட்டும். சில மாதங்களில் புல் மூடிவிடும். மண்ணைத் தொடும் வலைதான் முதலில் துருப்பிடிக்கும் என்பதால், தனித்துண்டாகக் கட்டினால் அதை மட்டும் மாற்றலாம். கான் குறுக்கிடும் இடத்துக்கு இது பொருந்தாது. அங்கே வலை போட்டால் சருகு அடைத்து, தண்ணீர் பக்கவாட்டில் மண்ணை அறுத்துவிடும். நாயின் தலை நுழையாத இடைவெளியில் இரும்புக் கம்பிகளை நிறுத்தி, மழைக்குப் பின் சருகை அள்ள வேண்டும்.

தூணுக்குக் கிளிரிசீடியா நல்ல தெரிவு. மழை தொடங்கும்போது நட்ட கட்டை தானே வேர் பிடிக்கும், மண்ணையும் பிடித்துக்கொள்ளும்; உயிருள்ள மரத்தைக் கறையான் அரிப்பதும் குறைவு. ஆனால் நட்டவுடன் வலையை இழுத்துக் கட்டினால் ஆட்டத்தில் இளவேர் அறுந்துவிடும். வேரூன்றும்வரை நடுநடுவே வேறு கம்பங்கள் தாங்க வேண்டும். அதன் பட்டையையும் விதையையும் மத்திய அமெரிக்காவில் எலி மருந்தாகப் பயன்படுத்துவதுண்டு. குட்டிநாய் பட்டையைக் கடிக்காதிருக்க வலையைத் தூண்களின் உட்பக்கமே கட்டுங்கள். நாய் பாய்ந்து மோதும்போது வலை தூணில் அழுந்துமே தவிரக் கழன்றுவிடாது. முள்ளுக்கம்பி வேண்டாம், பாயும் நாயின் தோலைக் கிழித்துவிடும். வீதியைப் பார்த்த பக்கத்தில் நாயின் கண்மட்டத்துக்குத் தகரமோ பலகையோ அடித்தால், போகிற வருகிறவரைத் துரத்தி வேலியோரம் ஓடுவது குறையும்.

சங்கிலியில் கட்டினால் செலவே இல்லையே என்பார்கள். அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்து, 1994இல் வெளியான ஆய்வொன்றில், முற்றத்தில் கட்டிவைக்கப்பட்ட நாய்கள் மற்றவற்றைவிடக் கடிப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்கு என்று தெரிந்தது. கடிக்கும் நாயைத்தான் கட்டியிருப்பார்கள் என்று மறுக்கலாம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனாலும் ஓட்டமே இயல்பான ஒரு நாயை நாள் முழுக்க இரண்டு முழத்தில் நிறுத்துவது கொடுமை. பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் பாதையோரத்தில் அது ஆபத்தும்கூட. 1973இல் விசர்நாய்க்கடியால் 377 பேரை இழந்த நாடு இது. இன்று அந்த எண்ணிக்கை பல மடங்கு குறைந்திருக்கிறது. அதில் நாய்களுக்கான தடுப்பூசிக்குப் பெரும் பங்குண்டு. வேலி போட்டாலும் ஆண்டுதோறும் ஊசி போடத்தான் வேண்டும்.

லயத்தில் இருப்பவருக்கு வேலி எங்கே என்ற கேள்விதான் கனமானது. பக்கத்துக் காம்பராவோடு பங்கிடும் முற்றத்தில், தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான நிலத்தில், அனுமதியில்லாமல் தூண் இறக்க முடியாது. தனிவீட்டோடு 7 பேர்ச்சஸ் கிடைத்தவருக்கோ சுற்றளவு பயமுறுத்தும்: சதுரமாக எடுத்தாலும் ஏறத்தாழ 175 அடி. முழுவதையும் அடைக்கத் தேவையில்லை. வீட்டின் பின்சுவரை ஒரு பக்கமாக வைத்து 20 அடி நீளம், 15 அடி அகலத்தில் அடைத்தால் 50 அடி வேலி போதும். லயத்தில் அயலவரும் நிர்வாகமும் சம்மதித்தால், இதைவிடச் சிறிதாக, கழற்றக்கூடிய கம்பங்களில் அமைக்கலாம். இடம் சிறுத்த அளவுக்குக் காலையும் மாலையும் நாயை வாரில் பிடித்து நடத்த வேண்டும். துடிப்பான நாய்க்கு எந்த வேலியும் அந்த நடையை ஈடுசெய்யாது.

மலிவு என்று வீட்டு மின்சாரத்தை வேலிக்கம்பியில் கொடுப்பதை மட்டும் எவரும் செய்யக் கூடாது. அது ஆளைக் கொல்லும். தேயிலைக்குள் காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்கு இன்னொரு காரணம், நாயை உள்ளேயே வைத்திருக்க. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படியொரு சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை, உடவளவையில் சிகிச்சை பெற்றும் பிழைக்கவில்லை. சிறுத்தைக்கு 6 அடி வேலி தடையே இல்லை. அதனால் சிவனொளிபாத மலைக்காட்டை அண்டிய தோட்டங்களில் இரவானதும் நாயை வீட்டுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும்.