வெட்டவெளியில் ஓர் இரவு

“வீட்டிலே இல்லாத எதனை அங்கே காணப் போகிறாய்?”

மணற்காட்டிலோ சுண்டிக்குளத்துப் பக்கத்திலோ தோழர்களுடன் கூடாரமடித்து ஓர் இரவு தங்கிவரப் போவதாகப் பிள்ளை சொன்னவுடன், நம் தாய்மார் கேட்கும் முதற்கேள்வி இதுவே. கேள்வியிலே சினம் இருப்பதுபோலத் தோன்றினும், உள்ளே இருப்பது அச்சமே. அந்த அச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. 1983ஆம் ஆண்டு தொடக்கம் 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போர்க்காலத்திலே, வடபகுதி மக்களுக்கு இரவு என்றால் ஊரடங்கு. இரவு என்றால் பதுங்குகுழி. அக்காலத்திலே பிள்ளைகளாயிருந்த பலர் இன்று பெற்றோராயிருக்கின்றனர். பொழுதுபடுமுன் வீடு சேரவேண்டும் என்பது அவர்கள் உள்ளத்திலே ஊறிய பாடம்.

ஆயினும், தலைக்குமேல் விண்மீன்கள் நிறைந்திருக்க, அலையோசையைக் கேட்டவாறு உறங்கும் இன்பத்தை அடுத்த தலைமுறையும் அறியாமற் போகலாமா? ‘போகாதே’ என்று தடுத்தலும் வேண்டாம்; ‘போய் வா’ என்று வாளா விடுத்தலும் வேண்டாம். ‘அறிந்து போ’ என்பதே தக்க விடை. அறிய வேண்டியவை சிலவற்றை இங்கே எடுத்துரைப்போம்.

முன்னோர் காட்டிய முறை

வெளியிலே தங்குவது மேனாட்டார் கற்பித்த புதுமை என்று சிலர் எண்ணுவர். 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுண்சீத் தீவிலே சிறுவர்களைக் கூட்டி நடத்திய பாசறையிலிருந்தே சாரணர் இயக்கம் கிளைத்தது என்பது உண்மை. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்னரே நம்மவர் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்றுள்ளனர். இன்றும் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார்கள், கீழ்க்கரை வழியே நடந்து உகந்தையைக் கடந்து, குமண, யாலைக் காடுகளினூடே பல இரவுகள் மரத்தடியிலே தங்கிச் செல்கின்றனர்.

அவர்களுடைய ஒழுங்கைப் பாருங்கள். காட்டிலே ஒருவரும் தனியே செல்லார். மூத்தவர் ஒருவர் சொற்கேட்டு நடப்பர். வெயில் ஏறுமுன் நடந்து, நண்பகலில் இளைப்பாறி, இருட்டுமுன் நீருள்ள இடத்தை அடைவர். காட்டுப்பாதை திறக்கப்படும் நாள் வரை உகந்தையிலே பொறுத்திருப்பர். துணை, தலைமை, நேரம், அனுமதி என்னும் இந்நான்கும் ஓரிரவுக் கூடாரத்துக்கும் பொருந்தும்.

குடாநாட்டிலே யானையும் இல்லை, கரடியும் இல்லை. ஆகவே ஆபத்தும் இல்லை என்று இளைஞர் எண்ணுவர். அங்கேதான் பிழை. பெரிய விலங்கு இல்லாத இடத்திலே நம்முடைய சிறிய அலட்சியமே புலியாகிவிடுகின்றது.

காலமும் இடமும்

நமக்குப் பெருமழையைத் தருவது ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகீழ்ப் பருவக்காற்று. புயல் தோன்றுவதும் பெரும்பாலும் இக்காலத்திலேயே. 1964 டிசெம்பரிலும் 2008 நவம்பரிலும் வடபகுதி பட்ட துன்பத்தை நினைவுகூர்வோர் அம்மாதங்களிலே கூடாரத்தை எண்ணார். சித்திரையிலே வெயிலும் பிற்பகல் இடிமுழக்கமும் வருத்தும். பின்னர்ச் சோழகக் காற்று எழுந்து மணலை வாரி இறைக்கும். மாசியும் பங்குனியுமே ஏற்ற மாதங்கள். வளர்பிறையின் கடைசி நாள்களாயின் நிலவும் துணையாகும்.

வடமராட்சி கிழக்கிலுள்ள மணற்காடு, வெண்மணற் குன்றுகளும் சவுக்கந்தோப்பும் மணலிலே புதைந்த பழைய அந்தோனியார் கோவிலின் இடிபாடுகளும் உள்ள அழகிய இடம். சுண்டிக்குளம் பூநாரைகளுக்கும் பிற நாட்டிலிருந்து வரும் பறவைகளுக்கும் பெயர் பெற்றது. 1938இலே சரணாலயமாகிய அது, 2015இலே தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆகவே அதன் எல்லைக்குள்ளே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றித் தங்குதல் கூடாது. அங்குள்ள களப்பிலே முதலை உண்டாதலின் நீரோரத்திலே படுக்கை விரித்தலும் ஆகாது. எவ்விடமாயினும் அவ்வூர்க் கிராம அலுவலரிடமும் மீனவரிடமும் முன்னரே கூறுக. கடலின் குணத்தை அவர்களைப்போல அறிந்தவர் வேறு யார்?

கூடாரத்தைப் பனையின் கீழும் தென்னையின் கீழும் அமைத்தல் தவறு. காயும் மட்டையும் விழுவதற்கு நேரம் பார்ப்பதில்லை. மணற்குன்றின் உச்சியும் வேண்டாம். மழைநீர் தேங்கும் பள்ளமும் வேண்டாம். காற்றுக்கு எதிர்ப்புறமாக வாயிலை வைக்க. இடி முழங்கினால் குன்றைவிட்டு இறங்கி, கல்வீட்டிலோ மூடிய மோட்டார் வண்டியிலோ புகுதல் வேண்டும். கூடாரம் மின்னலுக்குக் காப்பாகாது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியதை மறத்தல் ஆகாது. நிலம் அதிர்ந்தாலோ, கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ, பொருள்களை விட்டுவிட்டு உடனே உள்நாட்டுப்புறம் செல்க.

ஆறில்லா நாட்டில் நீர்

குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. கடலோர மணலிலே தோண்டும் பூவலின் நீரும் அத்தகையதே; ஆழத் தோண்டினாலும் மிக இறைத்தாலும் உவர்த்துப்போகும். ஆதலால் ‘போன இடத்திலே நீர் கிடைக்கும்’ என்று நம்பிப் புறப்படலாகாது. குடிப்பதற்கு மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றராவது கொண்டு செல்க. சமையலுக்கும் கழுவுவதற்கும் உள்ளதைத் தனியே கணக்கிடுக.

சில ஆண்டுகளின் முன், மாணவர் எண்மருடன் யானும் ஒரு கடற்கரையிலே தங்க நேர்ந்தது. நீர் முழுவதையும் இரண்டு பெரிய கலன்களிலே கொண்டு சென்றோம். இருட்டிலே ஒருவர் கால் இடறி ஒரு கலன் சாய்ந்தது. மூடி சரியாகப் பூட்டப்படவில்லை. பாதி நீரை மணல் ஒரு நொடியிலே குடித்துவிட்டது. சமையலுக்கு மற்றதிலும் பெரும்பகுதி செலவாயிற்று. விடியுமுன் எல்லோருடைய நாவும் வறண்டு போக, முதல் வெளிச்சத்திலே ஊரை நோக்கி நடந்தோம். அன்று தொட்டு, நீரைப் பல சிறு போத்தல்களாகப் பகிர்ந்து அவரவர் பையிலே வைக்கச் செய்வதே என் வழக்கம்.

வழியிலுள்ள கிணற்றுநீரை நன்கு கொதிக்கவைத்தே பருகுக. கொதித்தல் கிருமிகளைக் கொல்லும். ஆனால் உப்பையோ, உரமிட்ட தோட்டங்களிலிருந்து இறங்கிய நைத்திரேற்றையோ அகற்றாது.

நெருப்பும் உணவும்

சவுக்கந்தோப்பின் நிழல் இனிது. ஆனால் அதன் காய்ந்த சருகு தீப்பொறி ஒன்றுக்கே பற்றிக்கொள்ளும். அடுப்பை மரங்களினின்று விலக்கி, காற்று மறைவான வெறுமணலிலே மூட்டுக. நீங்கும்போது நீரூற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றுக. கனலை மணலால் மூடிவிட்டுச் சென்றால், வெறுங்காலுடன் வரும் மீனவப் பிள்ளை அதிலே மிதிக்கக்கூடும்.

உணவைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்குக் கற்பிக்க வேண்டுமோ? பொரிவிளாங்காய், எள்ளுருண்டை, பயற்றம்பணியாரம், புழுக்கொடியல், பனங்கட்டி ஆகியன வெயிலிலும் எளிதிற் கெடாதவை. இரவுக்கு ஒரு பானை ஒடியற்கூழ் காய்ச்சி, பனையோலைப் பிளாவிலே ஊற்றி, வட்டமாயிருந்து குடிக்கும் சுவைக்கு எந்த விருந்தும் ஈடாகாது.

படுக்கையும் பாம்பும்

இப்பகுதியைப் பெற்றோரும் பிள்ளைகளும் இருமுறை வாசித்தல் நன்று. நாகமும் கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் குடாநாட்டிலே உள்ளன. வெறுந்தரையிலே உறங்குவோருக்கோ கட்டுவிரியனே பெரும்பகை. அது இரவிலே இரைதேடுவது. தீண்டிய இடத்திலே நோவும் வீக்கமும் இல்லாமலே இருக்கலாம். தீண்டப்பட்டவர் விழிக்காமலும் இருக்கலாம். பின்னர் வயிறு வலிக்கும், இமைகள் தாமே கவியும், பேச்சுக் குழறும், மூச்சுத் தடைப்படும்.

ஆகையால் பாயின்மேல் நுளம்புவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாயின் கீழே சுற்றிலும் செருகிக்கொண்டு உறங்குக. நுளம்பையும் பாம்பையும் ஒருங்கே தடுக்கும் மலிவான காவல் அது. கைவிளக்கின்றி இருளிலே ஓரடியும் வையாதீர். பாதணியை உதறி அணிக. எச்சிலுணவை எறிந்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.

பாம்பு தீண்டினால், அல்லது இரவிலே காரணமின்றி வயிற்றுவலியும் இமைக்கவிழ்வும் கண்டால், காலந்தாழ்த்தலாகாது. மோதிரம், கடிகாரம் முதலியவற்றைக் கழற்றுக. கடியுண்ட உறுப்பை அசையாமல் வைக்க. இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் யாவும் தீங்கே. நடக்கவிடாமற் சுமந்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. நஞ்சுமுறி மருந்து அங்கேதான் உண்டு. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும்.

மண்ணுள் மறைந்தது

போர் ஓய்ந்த பின்னர்ப் பெரும்பரப்பு நிலத்திலே கண்ணிவெடிகள் அகற்றப்பட்டுள்ளன. எனினும் முகமாலை போன்ற பகுதிகளிலே அப்பணி பல்லாண்டுகள் நீடித்தது. மண்டையோட்டுக் குறியிட்ட செந்நிறப் பலகையைக் கண்டால் வந்த வழியே மீள்க. மக்கள் நடமாடும் பாதையைவிட்டு விலகி விறகு பொறுக்குதல் வேண்டாம். இனந்தெரியாத இரும்பைக் கண்டால் தொடாதீர். இடத்தை நினைவிற்கொண்டு பொலிசாருக்கு அறிவித்துவிடுக.

புறப்படுமுன் ஒரு தாளிலே செல்லுமிடம், உடன் செல்வோர் பெயர், திரும்பும் நேரம் ஆகிய மூன்றையும் எழுதி வீட்டிலே வைத்துச் செல்க. கைபேசியை நம்பலாம், மின்னேற்றம் தீரும் என்பதையும் நம்புக. திரும்பும்போது கொண்டு சென்ற போத்தலும் பொதியுறையும் உங்களுடனேயே திரும்பட்டும்.

சொன்ன நேரத்துக்குச் சற்று முன்னரே வீடு வந்து சேரும் பிள்ளை, தாயின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியதில்லை. மணல் படிந்த காலோடு வாசலிலே நின்று, “அம்மா, அடுத்த முறை நீங்களும் வாருங்கள்” என்று அழைத்தாற் போதும். நெடுங்காலம் இரவை அஞ்சியே வாழ்ந்த தாய்க்கு அதனினும் நல்ல மறுமொழி வேறு உண்டோ?