சம்பளக் கணக்கை இயந்திரத்திடம் கொடுக்குமுன்

கடந்த வருடம் எமது கடையில் கைவிரல் அடையாள இயந்திரம் ஒன்றைப் பூட்டினோம். பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடை, சற்றுத் தள்ளி ஒரு களஞ்சியம். இரண்டிலுமாகப் பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். அதுவரை மேசையில் ஒரு வரவுப் புத்தகம் கிடக்கும். மாத முடிவில் நானும் கணக்கப்பிள்ளையும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து சம்பளப் பட்டியல் போடுவோம். "வாப்பா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் புத்தகம்?" என்று கேட்ட மகன்தான் இயந்திரத்தையும் அதற்குரிய சம்பள மென்பொருளையும் கொண்டு வந்தார்.

எமது வர்த்தகர்களில் பலர் இப்போது இதே யோசனையில் இருக்கிறார்கள். காணும் இடங்களில் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் நான் பட்ட பாட்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வேலைக்கு வருபவரின் நேரத்தை இயந்திரம் குறிப்பது புதிய விடயமல்ல. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தின் ஓபர்ன் நகரில் வில்லர்ட் பண்டி என்பவர் 1888ஆம் ஆண்டிலேயே அதற்கொரு மணிக்கூட்டைக் கண்டுபிடித்தார். அவர் ஒரு நகை வியாபாரி. முதலாளிமாரின் இந்தக் கவலை எவ்வளவு பழையது பாருங்கள்! 1951ல் இங்கிலாந்தில் வியாபார வேலைக்கென முதன்முதலில் கணினியை ஓடவிட்டதும் லயன்ஸ் என்ற தேநீர்க்கடைக் கம்பனிதான். சில வருடங்களுக்குள் தனது ஊழியர்களின் சம்பளத்தையும் அது கணினியிலேயே போட்டது. அன்று ஓர் அறையை நிறைத்துக்கொண்டு நின்ற இயந்திரம் செய்த வேலையை இன்று கவுண்டரில் இருக்கும் சிறிய கணினி செய்கிறது.

இதில் உண்மையான இலாபம் எங்கே என்றால், எமது நாட்டுச் சட்டக் கணக்குகளில்தான். 48,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு அவரது சம்பளத்திலிருந்து 8 வீதம், அதாவது 3,840 ரூபா. முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம், 5,760 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம், 1,440 ரூபா. சேமலாப நிதிப் பணத்தை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டிவிட வேண்டும். பத்து நாட்களுக்கு உட்பட்ட தாமதத்துக்கே 5 வீதம் மேலதிகக் கட்டணம். ஒரு வருடத்தைத் தாண்டினால் 50 வீதம்! வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவுக்கு சேமலாப நிதி உண்டு, ஓவர் டைமுக்குக் கிடையாது. இதையெல்லாம் மனிதன் மறப்பான், மென்பொருள் மறக்காது. அதே பட்டியலிலிருந்து வங்கிக்கு அனுப்பும் கோப்பையும் அது தயாரித்துவிடும். பதினெட்டுக் கடித உறைகளில் காசு எண்ணிப் போடும் வேலை எமக்கு இப்போது இல்லை.

லீவும் அப்படித்தான். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வருடாந்த லீவு 14 நாட்கள், அமய லீவு 7 நாட்கள் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் புதிதாகச் சேர்ந்தவருக்கு அடுத்த வருடத்தில் கிடைக்கும் வருடாந்த லீவு அவர் சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14, ஜூன் வரை 10, செப்டம்பர் வரை 7, அதற்குப் பின் சேர்ந்தவருக்கு 4. இதை நான் முப்பது வருடமாகத் தலையில் வைத்திருந்தேன் என்று சொன்னால் அது பொய். வெளிநாட்டில் தயாரித்த மலிவான மென்பொருளுக்கும் இது தெரியாது. போயா தினங்களும் தெரியாது. எனவே எமது சட்டத்துக்கு அமைவாகச் செய்யப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். சட்டம் மாறும்போது மாற்றித் தருவார்களா என்றும் கேளுங்கள். ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2024ல் 17,500 ரூபா. 2025 ஏப்ரலில் அது 27,000 ரூபா ஆனது. பழைய எண்ணை வைத்துக்கொண்டு ஓடும் மென்பொருள், பிழையைப் பிழையின்றி அச்சடித்துத் தரும்.

முதல் மாதப் பட்டியல் வந்தபோது எனக்குத்தான் முதலில் வியர்த்தது. சீமெந்து லொறி இரவில் வந்தால் பையன்கள் நின்று இறக்குவார்கள். கையில் ஐந்நூறு ரூபாவும் சாப்பாடும் கொடுப்பேன். தாராளமாகக் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். சட்டப்படி மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து, அதன் ஒன்றரை மடங்கை மணித்தியாலத்துக்குக் கொடுக்க வேண்டும். 48,000 ரூபா சம்பளக்காரருக்கு அது 300 ரூபா. மூன்று மணித்தியாலம் நின்றவருக்கு 900 ரூபா. பிந்தி வருபவர்களைப் பிடிக்கலாம் என்று வாங்கிய இயந்திரம் என்னையல்லவா பிடித்துக்கொண்டது! அந்த மாதத்திலிருந்து சரியாகக் கொடுக்கிறோம். அந்த வருடத்தின் பழைய மாதங்களுக்கும் புத்தகத்தைப் பார்த்து இயன்றவரை கொடுத்துத் தீர்த்தோம்.

இன்னொன்று, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போன நேரத்தையெல்லாம் அது வேலை செய்யாத நேரமாகக் கழித்திருந்தது. அதன்மேல் குற்றமில்லை. நாங்கள் சொல்லவில்லை. எமது கடைகளில் பாதிச் சட்டம் எழுதப்படாமல் பழக்கத்தில் ஓடுகிறது. அதை ஒரு தாளில் எழுதாமல் இயந்திரத்தைப் பூட்டினால் எழுதப்படாத அத்தனையும் சம்பளத்தில் வெட்டு விழும். நோன்பு மாத நேரத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும்.

பெரிய கம்பனிகளுக்கே இந்தச் சறுக்கல் உண்டு. விண்ணப்பங்களை வடித்தெடுக்க அமேசன் கம்பனி செய்துபார்த்த மென்பொருள் பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளியதால் கைவிடப்பட்டது என்று 2018ல் ரொய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. முந்தைய வருடங்களில் வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதைப் பார்த்தே அது பழகியிருந்தது.

இனி, நான் இன்றும் வெட்கப்படும் விடயத்துக்கு வருகிறேன். எமது களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கும் நாநா ஒருவர் அறுபதைத் தாண்டியவர். முதல் மாதம் அவருக்கு ஆறு நாள் சம்பளம் வெட்டுப்பட்டிருந்தது. நான் பட்டியலில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைத்தேன். அவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் மாதம் எட்டு நாள் வெட்டு. அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது, களஞ்சியத்தின் சாவி அவரிடம்தானே இருக்கிறது! அவர் வராத எட்டு நாளும் கதவைத் திறந்தது யார்?

கேட்டபோது, "விரலை வெச்சேன் முதலாளி, அது எடுக்கல்ல. நீங்க வாங்கின சாமான், அது பிழையாச் சொல்லாதென்டு நெனச்சேன்" என்றார்.

விடயம் இதுதான். அந்த இயந்திரம் விரலின் படத்தை ஒப்பிடுவதில்லை. விரல் ரேகைகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்ற புள்ளிகளை எண்களாக மாற்றி வைத்துக்கொண்டு, மறுநாள் வைக்கும் விரலோடு பொருத்திப் பார்க்கிறது. சீமெந்தும் சுண்ணாம்பும் கயிறும் பிடித்த கையில் ரேகை தேய்ந்துவிடும். வயதும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. அதாவது, அதிகம் உழைத்த கைதான் அதற்குத் தெரியாமல் போகிறது. விற்றவர் இதை எமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

பதினான்கு நாள் சம்பளத்தையும் அன்றே கொடுத்தேன். நாநாவுக்கு இப்போது விரல் வேண்டாம், ஓர் அட்டை கொடுத்திருக்கிறோம். விரல் அடையாளங்களைப் பொறுத்தவரை இன்னொரு பொறுப்பும் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய உடல் அடையாளங்களை விசேட வகையாகக் கருதுகிறது. ஊழியர் விலகிப் போனபின்னும் அவருடைய விரலைக் கணினியில் வைத்திருப்பது சரியல்ல.

இப்போது சம்பளத்துக்கு மூன்று நாள் முன்னதாக ஒவ்வொருவருடைய கணக்கையும் அச்செடுத்து அவரவர் கையில் கொடுக்கிறோம். பார்த்துவிட்டுச் சரி என்றால்தான் வங்கிக்குப் போகும். முதல் இரண்டு மாதம் யாரும் எதுவும் சொல்லவில்லை. போன மாதம் நாநா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் பார்த்து, ஒரு பிழையைக் காட்டினார். அவர் எடுத்த முற்பணம் இரண்டு தடவை கழிக்கப்பட்டிருந்தது. அதைப் பதிந்தது நான்தான்.